அதிவேக இரயிலும் நமது பெட்டிகளும்

பிரான்சு நாடு நம் மறைமாவட்டத்தாருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1930-ஆம் ஆண்டில் சேலம் மறைமாவட்டம் உருவானபொழுது அதன் முதல் ஆயராகப் பொறுப்பேற்ற புருனியே ஆண்டகை, பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்தவர். அக்காலத்துக் குருக்கள் வாரக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து இங்கு வந்தனர். இன்றோ நம் பங்குகளிலிருந்து லூர்து அன்னையின் திருத்தலத்திற்குச் செல்வோர், பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக இரயில் ஏறி, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் லூர்து நகரில் இறங்கிவிடுகின்றனர். 2017-ஆம் ஆண்டில் போர்தோ வரை புதிய பாதை திறக்கப்பட்டபின், அத்தொலைவை வண்டி மணிக்கு 320 கிலோமீட்டர் வரை வேகமெடுத்துக் கடக்கின்றது.

வேகத்தைக் கண்டு வியப்போர் பலர். பெட்டிகளைப் பற்றி எண்ணுவோர் சிலரே.

நாம் அறிந்த மூத்த தம்பதியர் இருவர், நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்தவர்கள், இத்திருப்பயணத்திற்கு மூன்று பெரிய பெட்டிகளுடன் சென்றனர். வழியில் வண்டி மாறவேண்டிய நிலையமொன்றில் அம்மையார் ஒரு பெட்டியுடன் முதலில் ஏறினார். ஐயா இரண்டாவதைத் தூக்கி உள்ளே வைத்து, மூன்றாவதை எடுக்கத் திரும்பியபொழுது கதவு தானே மூடிக்கொண்டது, வண்டி நகர்ந்துவிட்டது. அம்மையாருக்குரிய சர்க்கரை நோய் மாத்திரைகளும், இருவருடைய கடவுச்சீட்டுகளும் நடைமேடையில் நின்ற மூன்றாவது பெட்டிக்குள் இருந்தன. மொழி அறியாத நாட்டில், கையில் மருந்தின்றி, அந்த அம்மையார் தனியே லூர்து போய்ச் சேர்ந்தார். அடுத்த வண்டியில் ஐயா வந்து சேர மாலையாயிற்று.

இத்துன்பம் எங்கிருந்து வந்தது? விமான நிறுவனம் இத்தனை கிலோ அனுமதிக்கிறதென்று அறிந்தவுடன், அத்தனை கிலோவையும் நிரப்பிவிடுவது நம் இல்லங்களின் வழக்கம். விமானத்தில் பெட்டியை முகப்பிலேயே வாங்கிக்கொள்வர். இரயிலில் வாங்கிக்கொள்வார் எவருமில்லை. சேலம் சந்திப்பில் நாம் காணும் செஞ்சட்டைச் சுமையாளர்களை அங்கே எதிர்பார்க்கலாகாது. வழியனுப்ப வந்த மைத்துனரும் மருமகனும் சன்னலருகே நின்று பெட்டியை ஏற்றிக் கொடுக்கவும் மாட்டார்கள். பிரெஞ்சு இரயில்வேயின் விதி எடையைக் குறிப்பிடவில்லை. ஒருவர் 70, 90, 50 செண்டிமீட்டர் அளவுக்குட்பட்ட இரண்டு பெட்டிகளும் ஒரு சிறு கைப்பையும் கொண்டு செல்லலாம். ஆனால் அவற்றைத் தாமே, ஒரே தடவையில் சுமக்க இயலவேண்டும். இளைஞருக்கு இது சலுகை. அறுபது வயதைக் கடந்தோர் ஒற்றைப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வதே நலம். புறப்படுமுன் அதை நிரப்பி, வீட்டு மொட்டைமாடிப் படிகளில் நடுவே இறக்கி வைக்காமல் ஏறிப் பாருங்கள். மூச்சிரைத்தால் நான்கு புடவைகளை வெளியே எடுத்துவிட வேண்டியதுதான்! பன்னிருவரை அனுப்பியபொழுது பையே வேண்டாமென்று ஆண்டவர் சொன்னார். நம்மிடம் அவ்வளவு கேட்பாரில்லை.

பெட்டி ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயர் எழுதிய சீட்டுத் தொங்கவேண்டும். இது அங்கே கட்டாயம். பெயரற்ற பெட்டி தனியே கிடந்தால் வெடிகுண்டு ஐயத்தில் காவலர் வருவர், வண்டிகள் நின்றுபோகும். பெரிய பெட்டிகளுக்கு உரிய அடுக்குகள் பெரும்பாலும் வண்டியின் நுழைவாயிலருகே உள்ளன. முந்துவோருக்கே இடம் கிடைக்கும். பல வண்டிகள் ஈரடுக்கு என்பதால், மேல் தளத்தில் இருக்கை அமைந்தால் உள்ளேயும் படியேற நேரிடும். முன்பதிவின்போதே கீழ்த் தளம் கேட்டுப் பெறலாம். புறப்பாட்டிற்கு இரண்டு நிமிடம் முன்னரே கதவுகள் அடைபடும் என்பதையும் மறவாதீர். மருந்து, கடவுச்சீட்டு, பணம் ஆகிய மூன்றும் உடலோடு ஒட்டிய பையில் இருக்கட்டும். கணவனும் மனைவியும் தத்தம் மருந்தையும் சீட்டையும் தாமே வைத்துக்கொள்ளட்டும்.

இதற்கு ஒத்திகை பார்க்க நம்மூரிலேயே வழியுண்டு. 2023-இல் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் வண்டி சேலத்தில் நிற்கின்றது. 2024-இல் தொடங்கிய மதுரை–பெங்களூரு வண்டி நாமக்கல்லிலும் சேலத்திலும் நிற்கின்றது. வேகத்தில் அவை பிரெஞ்சு வண்டிக்கு நிகரல்ல. எனினும் தானே மூடும் கதவும், சில நிமிட நிறுத்தமும், தலைக்கு மேலுள்ள அடுக்கும் ஏறத்தாழ அவ்வாறே. விமானம் ஏறச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்வோர், பெட்டியைப் பிறர் கைக்குத் தராமல் தாமே ஏற்றி இறக்கிப் பார்க்கலாம்.

அங்குள்ள பிள்ளைகளுக்கென நெய்ப் பலகாரமும் சேலத்து மாம்பழமும் கட்டிக்கொண்டு செல்ல விரும்பும் தாய்மாருக்கு ஒரு சொல். வெளிநாட்டுப் பயணிகள் பால்பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துள்ளது; மாம்பழத்திற்குத் தாவர நலச்சான்று வேண்டும்.

திரும்பும்பொழுது லூர்துத் தீர்த்தம் உண்டே! பங்கிலுள்ள இல்லமெல்லாம் கேட்கும். அங்கே குழாயில் இலவசமாய்க் கிடைக்கும். ஐந்து லிட்டர் குப்பி ஐந்து கிலோ கனக்கும். விமானத்திலோ அதைக் கையில் எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். சிறு புட்டிகளில் நிரப்பி, மூடியை இறுக்கி, பெட்டிக்குள் துணிகளுக்கிடையே வைத்தால், கேட்டவர் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுக்கலாம்.