எங்க பேச்சு கலப்படம் இல்ல, ஊடுபயிர்

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில, பரிமாறுற பையன்கிட்ட "கொஞ்சம் நீள்ளு கொண்டா"ன்னேன். பக்கத்துல இருந்த மெட்ராஸ் சொந்தக்காரர், "ஏன் மாமா, தமிழும் ஒழுங்கா வரல, தெலுங்கும் ஒழுங்கா வரல, இது இன்னா கலப்படம்?"ன்னார். பந்தியே சிரிச்சது. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோவம் வந்தது.

பள்ளிப்பட்டு பக்கம் தமிழும் தெலுங்கும் இன்னிக்கு நேத்து கலந்ததில்ல. 1953-ல ஆந்திரா பிரிஞ்சப்போ நாங்க சித்தூர் மாவட்டத்தோட அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி. மாதிரி ஆளுங்க போராடி, 1960 ஏப்ரல் 1-ல திருத்தணியோட சேர்ந்து இந்தப் பக்கம் வந்தோம். எங்க அப்பா வீட்டை விட்டு ஒரு அடி நகரல, மாநிலம்தான் ரெண்டு தடவை மாறிச்சு. கோடு மாறினா நாக்கு மாறிடுமா? நகரி, புத்தூர் பக்கம் பொண்ணு குடுக்கிறோம், எடுக்கிறோம். "ரேப்பு காலைல எத்தை ஓட்டிக்கினு வா"ன்னா இங்க எல்லாருக்கும் புரியும். அந்தப் பக்கம் போனா "அரவத் தெலுகு"ன்னு சிரிக்கிறான். இந்தப் பக்கம் வந்தா கொல்ட்டின்னு சிரிக்கிறான்.

சிரிச்சா இன்னா போச்சுன்னு கேப்பீங்க. எங்க அம்மாவுக்குப் போச்சு. வயித்து வலின்னு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். "ரெண்டு நாளா கடுப்புல நொப்பிம்மா"ன்னாங்க. தெலுங்குல கடுப்புன்னா வயிறு, நொப்பின்னா வலி. அந்த நர்ஸ் பொண்ணு சிரிச்சிக்கினே, "யார் மேல பாட்டி கடுப்பு?"ன்னுச்சு. வரிசையில நின்னவங்களும் சிரிச்சாங்க. அம்மா அதோட வாயைத் திறக்கல. நான் சொன்னதும் காதுல ஏறல. நீர்க்கடுப்புக்கு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. நாலு நாள் துடிச்ச பிறகு வேற இடத்துல ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில கல்லு. பொழைச்சிக்கினாங்க. ஆனா இன்னிக்கும் வெளியாளுங்க முன்னாடி அம்மா பேசறதில்ல, தலையைத்தான் ஆட்டறாங்க.

பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல நல்ல தமிழ் படிக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. 2006-ல தமிழ் கட்டாயம்னு சட்டம் வந்தப்போ என் பையனை நான்தான் உட்கார வச்சி எழுத வச்சேன். நான் எழுதற இதுவும் தமிழ்தான். ஆனா நல்ல தமிழ் கத்துக்கிறதுக்கு பாட்டி பேச்சைக் கேவலமா நினைக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. செப்புன்னு சொன்னா சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு: செப்புங்கற சொல்லு தொல்காப்பியத்துலயே இருக்கு.

பப்புவா நியூ கினியான்னு ஒரு நாடு. அங்க நூத்துக்கணக்கான மொழி. தோட்ட வேலைக்குப் போன கூலி ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க உண்டான கலப்புப் பேச்சு டோக் பிசின். ஒரு காலத்துல அதையும் உடைஞ்ச இங்கிலீஷுன்னுதான் சிரிச்சாங்க. இன்னிக்கு அவங்க பார்லிமெண்ட்டுல அதுல பேசறாங்க.

பாலுல தண்ணி ஊத்தினா கலப்படம். வேர்க்கடலைக்குள்ள துவரை விதைச்சா அது ஊடுபயிர். ஒண்ணு போனாலும் ஒண்ணு கை குடுக்கும்னு நம்ம பெரியவங்க கண்ட வழி அது. எங்க பேச்சும் அப்படித்தான்.

ஆபீசுல, ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கிற தம்பிங்களே, தங்கச்சிங்களே, எங்க பேச்சை நீங்க கத்துக்க வேணாம். புரியலன்னா சிரிக்காம இன்னொரு தடவை கேளுங்க. அவ்ளோதான்.

மெட்ராஸ் மாப்பிள்ளை, அடுத்த கல்யாணத்துலயும் நான் நீள்ளுன்னுதான் கேப்பேன்.