ஒரு நாற்காலி போட்டால் போதுமா?



விடுதி அறையொன்றில் ஓர் இளைஞனின் வாழ்வு முடிந்துபோகிறது. பொழுது விடிந்ததும் பல்கலைக்கழக வாயிலில் செய்தியாளர் கூடுகின்றனர். பதிவாளர் வெளியே வருகிறார். தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். மாணவன் நல்லவன், அமைதியானவன் என்கிறார். நிறுவனம் ஆறாத் துயரில் ஆழ்ந்திருப்பதாக அறிவிக்கிறார். பிறகு, எவரும் கேட்பதற்கு முன்னரே, "எங்களிடம் உளநல ஆலோசகர் இருக்கிறாரே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

இருக்கிறார், இல்லையென்று யார் சொன்னது? எங்கே இருக்கிறார், எத்தனை நாள் இருக்கிறார், எத்தனை பேருக்கு ஒருவராக இருக்கிறார், எவருக்குக் கட்டுப்பட்டு இருக்கிறார் என்று கேட்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவரும் சேர்ந்த கணக்கு இது. நாளொன்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு மேல்! ஒரு வகுப்பறையே அன்றாடம் காலியாகிறது. போர்க்களத்தில் இப்படிப் பிணம் விழுந்தால் அமைச்சரவை நள்ளிரவில் கூடும். விடுதியில் விழுந்தால் இரங்கற் கூட்டம் கூடுகிறது. அதுவும் தேர்வு அட்டவணைக்கு இடையூறு வராமல்!

"இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மனவலிமை இல்லை. நாங்கள் தெருவிளக்கில் படித்தோம், அரைவயிற்றுக் கஞ்சியோடு படித்தோம், அழுதோமா?" என்று மேடைதோறும் முழங்கும் மேதாவிகள் உளர். தெருவிளக்கில் படித்தவருள் படித்து முடித்தவர் மட்டுமே மேடைக்கு வந்து பேசுகிறார். பாதியில் விழுந்தவனுக்கு மேடை ஏது, மாலை ஏது, ஒலிபெருக்கிதான் ஏது?

இந்த மனப்போக்கு மேதாவிகளோடு நின்றதா? சட்டத்திலும் குடியிருந்தது. சாகத் துணிந்து பிழைத்தவனைக் குற்றவாளியென்றது வெள்ளையன் 1860 இல் வகுத்த தண்டனைச் சட்டம். "அவன் கடும் மன அழுத்தத்தில் இருந்தவன் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது" என்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115 ஆம் பிரிவில் சொல்லிற்று. ஆனாலும் பழைய பிரிவு 2024 ஜூலை முதல் நாள் வரையில் ஏட்டைவிட்டு இறங்கவில்லை. நோயுற்றவனுக்கு மருந்தும் விலங்கும் ஒருங்கே காத்திருந்த நாடு இது!

நம் அணியிலும் சிலர் வேறோர் வாதம் பேசுவதுண்டு. "சமுதாயம் மாறினால் மனநோய் மாறும், அதுவரை ஆலோசகர் என்பதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரம்" என்கின்றனர். தோழர்களே, இதனை நாம் ஏற்கவில்லை. நீதி நிறைந்த நாட்டிலும் ஒருவனுக்கு மனச்சோர்வு வரும், காய்ச்சல் வருவதைப் போல. இன்றிரவு உறக்கமின்றிக் கூரையைப் பார்த்துக் கிடப்பவனிடம் சமுதாய மாற்றம் வரும்வரை பொறு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவனுக்கு வேண்டியது இன்றிரவே ஒரு மனிதர். அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதுங்கள். எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த பதினேழு வயது மாணவி ஒருத்தியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனம் ஒவ்வொன்றும், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வரவேற்கிறோம். நீதிமன்றம் தட்டிய பிறகேனும் கதவு திறக்கட்டும்.

ஆயினும் அந்த 'ஒருவரையேனும்' என்ற சொல்லைச் சற்றே உற்றுநோக்குங்கள். நூறு பேருக்கும் குறைந்தது ஒருவர். இருபதாயிரம் பேருக்கும் குறைந்தது ஒருவர்! மாணவர் தொகைக்கு ஏற்ற விகிதம் வேண்டுமென்றும் அத்தீர்ப்புச் சொல்கிறது; எண் எதுவென்று கட்டாயப்படுத்தவில்லை. எண் இல்லாத இடத்தில் நிர்வாகம் எந்த எண்ணை எழுதிக்கொள்ளும் என்பதை நாம் அறியோமா?

போட்டுப் பார்ப்போம் கணக்கை. ஆலோசகர் ஒருவர், மாணவர் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கி, குறிப்பெழுதி, மூச்சுவிட்டு, நாளைக்கு ஆறு பேரைப் பார்ப்பதாகக் கொள்வோம். வாரத்துக்கு முப்பது பேர். இருபதாயிரத்தில் பத்திலொருவருக்கு உதவி தேவையென்றால் இரண்டாயிரம் பேர். ஒவ்வொருவரையும் ஒரேயொரு முறை பார்த்து முடிக்கவே அறுபத்தாறு வாரங்களுக்கு மேலாகும். ஆண்டுக்கோ ஐம்பத்திரண்டு வாரந்தான்! தைத் திங்களில் மனமுடைந்தவன் அடுத்த ஆண்டுப் பங்குனிக்கு வரிசையில் நிற்கவேண்டும். பல்கலைக்கழக ஆலோசனை மையங்களுக்குத் தரச்சான்று வழங்கும் பன்னாட்டு அமைப்பொன்று, ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு மாணவருக்கு முழுநேர ஆலோசகர் ஒருவர் வேண்டுமென்கிறது. அதன்படி பார்த்தால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பதின்மூவருக்குக் குறையாமல் வேண்டும்.

ஒருமுறை பார்த்தால் தீர்ந்துவிடும் வேலையா இது? முதல்நாள் எந்த மாணவனும் உண்மையைச் சொல்லமாட்டான். தலைவலி என்பான். உறக்கமில்லை என்பான். இரண்டாம் முறை வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்வான். மூன்றாம் முறை, நாலாம் முறை வந்த பிறகுதான், எந்த ஆசிரியர் வகுப்பில் எழுப்பி நிறுத்தி என்ன சொன்னார் என்பது வெளிவரும். அதற்குள் ஆலோசகரின் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்திருக்கும்! புதியவர் வருவார், புதிய குறிப்பேடு திறப்பார், "சொல்லப்பா, என்ன உன் சிக்கல்?" என்று முதலிலிருந்து தொடங்குவார். அந்த மாணவன் மறுமுறை வருவானா? ஆலோசகரைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்த மாதம் தன் சோறு எங்கே என்று தெரியாத ஊழியர், அடுத்தவர் மனத்துக்கு ஊன்றுகோலாக அமர்த்தப்பட்டிருக்கிறார். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது?

இனி, எவருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்விக்கு வருவோம். 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவருக்கு மந்தண உரிமை தந்திருக்கிறது. ஏட்டில் தந்திருக்கிறது. ஆனால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேனா மாணவர் நலப் புலத்தலைவரின் சட்டைப் பையில் இருக்கிறது. "உங்களிடம் வந்தவன் என்ன சொன்னான்?" என்று அந்தப் பேனா கேட்டால், இல்லையென்று எத்தனை பேர் சொல்லமுடியும்? மாணவனின் முறையீடு ஆசிரியர்மீது. அவனுக்கு ஆறுதல் சொல்பவரின் ஊதியமோ அந்த ஆசிரியர் வீற்றிருக்கும் குழுவின் கையில்! இதைத் தெரிந்துகொண்டுதான் மாணவர் அந்த அறைப்பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. வராததைக் கண்டு "தேவையில்லை போலும்" என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை நினைவுகூருங்கள். 2015 ஜூலையிலிருந்து ரோகித் வேமுலாவுக்கு ஆய்வு உதவித்தொகை வந்துசேரவில்லை. மாதம் 25,000 ரூபாய். ஏழு மாத பாக்கி. அவரையும் உடன் நால்வரையும் விடுதியைவிட்டு விலக்கினார்கள். பல்கலைக்கழக வளாகத்திலேயே வெட்டவெளியில் கூடாரமிட்டுப் படுத்தார்கள். 2016 ஜனவரி 17 அன்று அவர் மறைந்தார். அந்த ஏழு மாதத்தில் உலகிலேயே சிறந்த உளநல ஆலோசகரை அவர்முன் அமர்த்தியிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார்? மூச்சை ஆழ இழுத்து விடச் சொல்லியிருப்பாரா? பசிக்கு மூச்சுப் பயிற்சி, பாக்கிக்குப் பொறுமைப் பாடம், வெளியேற்ற ஆணைக்கு நேர்மறைச் சிந்தனையா?

ஆலோசகர் அறையில் தீராத நோய் ஒன்று உண்டு. அது அலுவலகக் கோப்பில் பிறந்த நோய். அதனை மாணவனின் மூளைக்குள் தேடச் சொல்வதுதான் நிர்வாகத்தின் சூழ்ச்சி. 2007 இல் தோரட் குழு, தில்லி அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் பட்ட பாட்டை எழுதிவைத்தது. விடுதியில்கூட அவர்கள் ஒதுங்கி வாழ நேர்ந்ததை எழுதிவைத்தது. பதினைந்தாண்டு கழிந்து, 2022 இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் அம்மாணவரிடையே ஓர் ஆய்வு நடந்தது. விடையளித்தவருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல், சக மாணவர் தம்முடைய நுழைவுத் தேர்வுத் தரவரிசையைக் கேட்டுச் சாதியைத் துருவியதாகக் கூறினர். "உன் தரவரிசை என்ன?" கேட்பவனுக்கு அது ஒரு கேள்வி. கேட்கப்பட்டவனுக்கோ, ஊரில் விட்டுவந்ததாக எண்ணிய சேரித் தெரு, ஆய்வுக்கூட வாசலில் மறுபடியும் வந்து நிற்கிறது.

அந்த மாணவன் ஆலோசகரிடம் போகிறான் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு இதெல்லாம் தெரியுமா? தெலுங்கில் அழுபவனிடம் ஆங்கிலத்தில் படிவத்தை நீட்டினால், அவன் படிவத்தை நிரப்புவான்; அழுகையை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

உச்ச நீதிமன்றமே இந்த உண்மையின் அருகில் வந்துவிட்டது. 2025 மார்ச்சில், முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில், உயர்கல்வி நிலையங்களில் நேரும் தற்கொலைகளை ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவின் இடைக்கால அறிக்கையைப் பெற்ற பிறகு, 2026 ஜனவரியில் பிறப்பித்த ஆணையில் என்ன சொன்னது? உதவித்தொகை நிலுவைகளை நான்கு மாதத்துக்குள் கொடுத்துத் தீருங்கள். தொகை வரவில்லையென்று மாணவனைத் தேர்வெழுத விடாமலோ, விடுதியைவிட்டோ துரத்தாதீர்கள். காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்புங்கள் என்றது. மனநலம் கருவூலத்திலும் இருக்கிறதென்று நீதிமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது. பட்ஜெட் போடுகிறவர்களுக்குப் புரியவில்லை!

ஆகவே நாம் ஆலோசகர் வேண்டாமென்று சொல்லவில்லை. வேண்டும், நிரந்தரப் பணியில் வேண்டும், மாணவரின் மொழி அறிந்தவராக, அவர்கள் வந்த தெருவை அறிந்தவராக வேண்டும், புலத்தலைவரின் பேனாவுக்கு எட்டாத இடத்தில் அமர்ந்தவராக வேண்டும். ஒரே மாணவர் கூட்டம் ஒரே ஆசிரியரைப் பற்றி மீண்டும் மீண்டும் அழுதால், பெயர்களை மறைத்து, "இத்துறையில் தீங்கு இருக்கிறது" என்று ஆட்சிக்குழுவின் முகத்துக்கு நேரே எழுதும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். கடைசியாகச் சொன்ன இதைத்தான் நிர்வாகம் கடுமையாக எதிர்க்கும். மற்றவற்றுக்குப் பணமில்லை என்று மட்டுமே சொல்லும்.

மாணவர் அணித் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த பருவம் தொடங்குமுன் உங்கள் நிறுவனத்தின் ஆலோசனை அறைக்கு நேரில் செல்லுங்கள். கதவில் எத்தனை நாள் பூட்டுத் தொங்குகிறது, உள்ளிருப்பவரின் ஒப்பந்தம் என்று முடிகிறது, பதிவு செய்த மாணவன் எத்தனை நாள் காத்திருக்கிறான், எத்தனை பேருக்கு உதவித்தொகை எத்தனை மாதம் பாக்கி என்று கணக்கெடுங்கள். மாணவர் பெயர் ஒன்றையும் எழுதாதீர்கள். எண்களை மட்டும் நமக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில், ஊர்வாரியாக, ஞாயிறுதோறும் அச்சிடுவோம்.