மீண்டு வருதலும் மேன்மையும்

தலைமன்னார்த் துறையில் நின்று வடமேற்கே நோக்குவோர்க்குத் தெரிவது வெறுங் கடலே. அதன் அப்பாற் கரையில் உள்ளது தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயல் அவ்வூரை அழிக்கும் வரை இவ்விரு துறைகளுக்கும் இடையே கப்பல் ஓடிற்று. அக்கடலை 1971ஆம் ஆண்டிலே ஒருவர் தம் கைகளையும் கால்களையுமே துணையாகக் கொண்டு கடந்தார். வல்வெட்டித்துறை ஈன்ற ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்கள் இங்கிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, மீண்டும் நீந்தியே தலைமன்னாரை வந்தடைந்தார். போக்கும் வரவுமாக 51 மணி நேரம்!

‘மீண்டு வருதல்’ என்னுஞ் சொல்லைக் கேட்குந்தோறும் என் நினைவில் முதலில் எழுவது அந்த வரவே. ஆயின் விளையாட்டுப் பக்கங்களிலே அச்சொல் வேறு பொருளில் வழங்குகின்றது. தோல்வியாலோ காயத்தாலோ பழியாலோ களத்தை விட்டு மறைந்த ஒருவர், எவரும் எதிர்பாராத நாளிலே திரும்பி வந்து வெல்வதையே மீட்சி என்கின்றனர். அத்தகைய வெற்றி ஏனைய வெற்றிகளினும் உயர்ந்தது எனவும், அவ்வீரரின் புகழை அளக்கும்போது அதற்குத் தனி மதிப்பளித்தல் வேண்டும் எனவும் வாதிடுவோர் பலர்.

இப்பொருளை யூபிலி மலரிலே எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. பழைய மாணவர் சிலர் நம் கல்லூரியின் சிறந்த மெய்வல்லுநருக்கென ஒரு கேடயம் நிறுவ முன்வந்துள்ளனர். மகிழ்ச்சியே. அதற்குரிய விதிகளின் வரைவைத் தமிழ் பார்த்துத் தரும்படி என்னிடம் ஒப்படைத்தனர். தமிழிலே திருத்துதற்கு அதிகம் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து போட்டியிட்டிருத்தல் வேண்டும் என்பது ஒரு விதி. வீழ்ந்து மீண்டெழுந்து வென்றவர்க்கு மேலதிகப் புள்ளிகள் வழங்கப்படும் என்பது மற்றொரு விதி. இவ்விரண்டுமே என் பேனாவை நிறுத்தின.

மீண்டெழுந்தார் சார்பாகப் பேசுவோர்க்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று ஒன்று உண்டு. சுசந்திகா ஜயசிங்க 1997இல் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு அவர்மீது விழுந்தது. இடைநிறுத்தம், விசாரணை, ஊரார் வாய்ப்பேச்சு ஆகிய அனைத்தையும் சுமந்தார். ஈற்றில் குற்றம் நிலைநாட்டப்படாது விடுவிக்கப்பட்டார். 2000 செப்டெம்பரில் சிட்னியில் 22.28 செக்கனில் ஓடி மூன்றாம் இடம் பெற்றார். 1948இல் இலண்டனிலே டங்கன் வைற் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி பெற்றபின், 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிட்டிய ஒலிம்பிக் பதக்கம் அது. அன்று மின்சாரமற்ற ஒரு வீட்டுத் திண்ணையிலே, பற்றரி வானொலியைச் சூழ்ந்திருந்தோருள் யானும் ஒருவன். போர் நடந்துகொண்டிருந்த காலம். எனினும் அச்செய்தி கேட்டு மகிழாதார் அத்திண்ணையில் எவருமிலர்.

ஆயினும் அம்மகிழ்ச்சி வேறு, மதிப்பீடு வேறு. பழி சுமத்தியவர் செய்த செயலைப் பழி சுமந்தவரின் புகழேட்டில் வரவாக எழுதுதல் தகுமோ? அக்குற்றச்சாட்டு எழாதிருந்தால், அவ்வாண்டிலே அவர் இன்னும் விரைந்து ஓடியிருக்கவுங் கூடும். அஃது அவர்க்கு நேர்ந்த இழப்பு. அவரைப் பெரியவராக்கியது அந்த 22.28 செக்கனே, அதற்கு முன் நடந்த துன்பக் கதையன்று. இதற்குப் பின்னர் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. அவ்வோட்டத்தில் முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் தாமே ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. அன்று அரங்கமும் இல்லை, ஆரவாரமும் இல்லை; ஒரு கூட்டத்தின் தீர்மானத் தாளிலே நிகழ்ந்த ஏற்றம் அது. நாடகத்தை வைத்து அளப்போர்க்கு அந்நாள் ஒன்றுமில்லாத நாள். எனக்கோ அது சிட்னி நாளுக்கு எவ்வகையிலுங் குறைந்ததன்று.

தம் குற்றத்தாலே வீழ்ந்து எழுந்தோரும் உளர். ஊக்கமருந்துக்காகத் தடைபெற்றுத் திரும்பிய அமெரிக்க வீரர் ஜஸ்ரின் கற்லின், 2017இல் இலண்டனிலே உசைன் போல்ற்றை வென்று 100 மீற்றர் உலகப் பட்டம் பெற்றார். மீட்சிக் கதைக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் அதில் உண்டு. எனினும் அரங்கிலிருந்தோர் அவரை எள்ளிக் கூவினர். மீட்சி என்பது தன்னளவிலே பெருமை தருவதாயின் அன்று அவர்கள் எழுந்து நின்றல்லவோ கைதட்டியிருத்தல் வேண்டும்?

இனி, வீழாதவர் நிலையைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 17 வயதிலே, 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்பேணிலும் பாய்ந்தார். இரண்டிலும் பதக்கம் இல்லை. 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2024இல் காலமானார். இவ்வரலாற்றிலே வீழ்ச்சியென்று சுட்டத்தக்கது யாது? அங்குலம் அங்குலமாக உயர்ந்த உழைப்பே அதன் கதை. மாணவர்க்கு இதனைச் சொல்லும்போது, “பிறகு என்ன நடந்தது, சேர்?” என்று கேட்கின்றனர். ஒன்றும் நடக்கவில்லை, தம்பி. அவர் நாள்தோறும் பயின்றார். நம் கேடயத்தின் விதிப்படி இவர்க்கு மேலதிகப் புள்ளி ஒன்றுதானுங் கிட்டாது!

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று ஆழிக்குமரனின் வாழ்விலே உண்டு. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்ற வேளை அவர் உயிர் நீத்தார். வயது 41. முதலில் 51 மணி நேர வெற்றி, ஈற்றில் கால்வாய். இவ்வரிசையைச் சற்றே மாற்றி நினைத்துப் பாருங்கள். கால்வாயிலே முதலில் தோற்று, உயிர் தப்பி, பல்லாண்டு கழித்துப் பாக்கு நீரிணையை இருமுறை கடந்திருந்தால், இன்று அவரை மீட்சியின் வடிவமென்று போற்றியிருப்போம். நீந்திய கடல் அதுவே; நீந்திய கைகளும் அவையே. முன்னது பின்னதாயின் பெருமை கூடும், பின்னது முன்னதாயின் குறையும் என்பது என்ன கணக்கு? 2021இல் விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர அதே வழியைப் போய்வர 28 மணி 19 நிமிடமே கொண்டார். அதனாலும் ஆனந்தனின் 51 மணி குறுகிவிடவில்லை.

நம் முன்னோர் இவ்வரிசைக் கணக்குப் பார்த்தவரல்லர். வெண்ணிப் போரிலே வென்றவன் கரிகாலன். தோற்றவன், முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்த சேரன். அவன் மீண்டு வந்து பழி தீர்த்தானல்லன். எனினும் வென்றவனின் முன்னிலையிலேயே அத்தோற்றவனை உயர்த்திப் பாடினார் வெண்ணிக் குயத்தியார். புறநானூறு கற்பிக்கும் நாளெல்லாம் அப்பெருமாட்டியின் துணிவை வியந்திருக்கிறேன்.

உடற்பயிற்சி ஆசிரியரான நண்பர் ஒருவர் என்னோடு உடன்படவில்லை. “முறிந்த காலோடு ஓராண்டு கிடந்தவன் எழுந்து ஓடும் உழைப்பை நீர் அறியமாட்டீர், கரும்பலகையோடு நிற்பவர்” என்றார். பகிடியாயினும் அதில் உண்மை உண்டு. அவ்வுழைப்பு பெரிது. ஆனால் விதி அவ்வுழைப்பிற்குப் புள்ளி கொடுக்கவில்லையே! அவ்வாறே எழுந்து, அவ்வாறே பயின்று, நான்காவதாக வந்தவனுக்கு அது ஒன்றுங் கொடாது. வென்றவனுக்கு மாத்திரமே கொடுக்கும். மேலும், மன்னாரிலே உதைபந்தாட்டம் பிள்ளைகளின் இரத்தத்தில் ஊறியது. பள்ளிமுனையிலும் பேசாலையிலும், முழங்கால் வீக்கம் வற்றுமுன் களத்தில் இறங்கும் சிறுவரை நாம் காணாததா? காயத்திலிருந்து திரும்புவோர்க்குப் பரிசு உண்டென்று எழுதி வைத்தால், வைத்தியர் சொல்லும் ஆறு கிழமையை எவன் பொறுப்பான்?

இவ்வாறு நினைக்கும்போதெல்லாம் என் கண்முன் வருபவர் ஒருவர். 1990இல் எனக்கு வயது 12, அவர்க்கு 17. இல்ல விளையாட்டுப் போட்டியிலே அஞ்சலோட்டத்தின் கடைசிக் கோலை அவர் வாங்கினாரென்றால் நாங்கள் அடுத்த இல்லத்தைத் திரும்பியும் பாரோம். அவ்வாண்டு போர் மூண்டது. ஒரு வள்ளத்தில் இராமேசுவரஞ் சென்று, மண்டபம் முகாமில் இருந்து, இருபது ஆண்டுகள் கழித்தே திரும்பினார். ஓடுதற்குரிய வயது அங்கே கழிந்தது. அவர் திரும்பி வந்ததை எந்தப் பத்திரிகையும் மீட்சி என்று எழுதவில்லை. இப்போது மீன் வியாபாரம். விளையாட்டுப் போட்டி நாளன்று அழையாமலே வந்து, முடிவுக் கோட்டிலே விசிலோடு நிற்பார். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலிக்கும் 1967 முதல் 1970 வரை, உடல் உச்ச வலிமையோடிருந்த ஆண்டுகள் பறிக்கப்பட்டன. அவர் 1974இல் கின்ஷாசாவிலே பட்டத்தை மீட்டார், உலகம் வியந்தது. மீட்கக் காலமில்லாதோரை வியப்பார் யார்? அன்று வள்ளமேறியோருள் எத்தனை எதிர்வீரசிங்கங்கள் இருந்தனரோ!

ஆகவே வரைவைத் திருப்பிக் கொடுத்தபோது மேலதிகப் புள்ளி விதியை அடித்துவிட்டேன். ‘மூன்று ஆண்டுகள் தொடர்ந்து’ என்பதிலே ‘தொடர்ந்து’ என்ற சொல்லையும் அடித்தேன். காயத்தாலோ வறுமையாலோ இடையில் ஓராண்டை இழந்த பிள்ளை ஓடிய ஆண்டுகள், ஓடிய அளவுக்கே எண்ணப்படட்டும். தமிழ் பார்க்கச் சொன்னால் சட்டத்தையும் பார்த்துவிட்டாரே என்று செயலாளர் முகஞ் சுளித்தாராம். செயற்குழு அடுத்த மாதம் கூடுகின்றது. மாறான கருத்துடைய பழைய மாணவர் அன்று நேரில் வந்து வாதிடுக. யானும் வருவேன், விசில்காரரையும் அழைத்து வருவேன்.