பெரிய ஆக்சில் என்றால் சரியான ஆக்சிலா? பிக்அப்பின் முன் அச்சை மாற்றுபவர்கள் தடுமாறும் இடம்

அமெரிக்காவில் பழைய டொயோட்டா பிக்அப்பைப் பாறைப் பாதைகளுக்குத் தயார் செய்பவர்கள் பலர் ஒரு பெரிய வேலையில் இறங்குகிறார்கள். கம்பெனியிலிருந்து வந்த முன்பக்க சஸ்பென்ஷனை வெட்டி எடுத்துவிட்டு, லாரியில் இருப்பதுபோல ஒரே துண்டாக நிற்கும் முன் ஆக்சிலைப் பூட்டுகிறார்கள். இதற்கு ‘சாலிட் ஆக்சில் ஸ்வாப்’ என்று பெயர். யூடியூபில் இதைப் பார்க்கும் நம்மூர் ஜீப் பிரியர்கள் முதலில் கேட்பது, "எதுங்க ரொம்ப ஸ்ட்ராங்?"

அந்தக் கேள்வியில் தொடங்குவதே தப்பு என்பது என் கட்சி. ஆக்சிலை வலுவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய இரும்பு வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும். அல்லது அதைவிட மோசமாக, வண்டியில் பூட்டப்பட்டு நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும்.

முதலில், ஏன் இந்த மாற்றம்? அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நான்கு சக்கர இயக்க பிக்அப்பில் 1979 முதல் 1985 வரை முன்பக்கம் சாலிட் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. 1986-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் டார்ஷன் பார் அமைப்பைக் கொடுத்தார்கள். சாலையில் ஓட்ட அது சொகுசு, சந்தேகமே இல்லை. ஆனால் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டால், பக்கவாட்டு ஷாஃப்டுகள் சாய்ந்த கோணத்தில் சுற்றி ஜாயின்ட் உடைகிறது. ஸ்டீயரிங்கின் ஐட்லர் ஆர்ம் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கிறது. சாலிட் ஆக்சிலில் அந்தக் கோணப் பிரச்சினையே கிடையாது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மற்றது தரையை நோக்கி அழுந்தும். நம்ம ஜிப்ஸியும் ஜிம்னியும் கரடுமுரடில் பேர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவுக்கு வெளியே சில நாடுகளில் ஹைலக்ஸை 1997 வரை டொயோட்டாவே சாலிட் ஆக்சிலோடு விற்றது.

எந்தப் பக்கம் உருண்டை?

சாலிட் முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இருக்காது. எஞ்சின் ஆயில் பாத்திரத்துக்கு இடம் விட்டு, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னே வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எந்தப் பக்கமோ, உருண்டையும் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். 1986–95 டொயோட்டா பிக்அப்பில் அது வலப்பக்கம். அங்கே டிரைவர் இடப்பக்கம் உட்காருவதால், ‘பயணி பக்கம்’ என்று சொல்வார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் கால் இடறுகிறார்கள். ஜீப் வாகனியர் வண்டியில் வந்த டேனா 44 ஆக்சிலுக்கு டொயோட்டா மாதிரியே ஆறு போல்ட், அதே ஐந்தரை அங்குல வட்டம். சக்கரத்தை அப்படியே மாட்டலாம் என்று ஆசை வரும். ஆனால் 1980-க்குப் பிந்தைய வாகனியரில் உருண்டை டிரைவர் பக்கம். டொயோட்டாவுக்கு வேண்டியதோ அதற்கு முந்தைய வருடங்களின் ஆக்சில். பெயர் ஒன்று, போல்ட் ஒன்று, ஆனால் பக்கம் வேறு. "சரி, தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உருண்டை பக்கம் மாறும்தான். கூடவே சக்கரம் சுழலும் திசையும் மாறிவிடும். பின் சக்கரம் முன்னே தள்ளும்போது முன் சக்கரம் ரிவர்ஸில் இழுக்கும்!

அடுத்து அகலம். 1985 வரையிலான டொயோட்டா முன் ஆக்சில், 1986-க்குப் பிந்தைய பின் ஆக்சிலைவிட ஏறக்குறைய 3 அங்குலம் குறுகல். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். 1986-க்குப் பிந்தைய வண்டியின் ஹப்புகளை மாட்டியோ, ஸ்பேசர் வைத்தோ சரிக்கட்டுகிறார்கள். பெரிய வண்டிகளின் ஆக்சிலில் பிரச்சினை நேர்மாறு: சக்கரம் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நிற்கும்.

பல் விகிதத்தில் பேரமே கிடையாது. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். டயர் கணக்கும் இதில் சேரும். சுமார் 28 அங்குல டயருக்கு 4.10 விகிதம் இருந்த வண்டியில் 35 அங்குல டயர் போட்டால், பழைய இழுவை திரும்பக் கிடைக்க 5.1 அளவுக்கு விகிதம் வேண்டும். டொயோட்டாவுக்குக் கடையில் கிடைப்பதில் 5.29 அதற்குப் பக்கம். ஆக, ஆக்சில் விலையோடு இரண்டு செட் கிரவுன்-பினியன் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

டொயோட்டாவா, 44-ஆ, 60-ஆ?

இப்போது வலுவுக்கு வருவோம். டொயோட்டா ஆக்சிலின் கிரவுன் வீல் 8 அங்குலம், டேனா 44-க்கு எட்டரை, டேனா 60-க்கு ஒன்பதே முக்கால். காகிதத்தில் பார்த்தால் 60-தான் ராஜா. ஒரு டன் பிக்அப்புகளின் முன்பக்கம் சுமந்த ஆக்சில் அது. ஷாஃப்டும் அதற்கேற்ற பருமன்.

ஆனால் அதைச் சின்ன டொயோட்டாவின் கீழே கொண்டுவந்தால் என்ன ஆகும்? அதற்கு எட்டு போல்ட் சக்கரம். எனவே பின் ஆக்சிலும் எட்டு போல்டுக்கு மாற வேண்டும். பிரேக் காலிப்பர் பெரிது. பழைய மாஸ்டர் சிலிண்டர் அனுப்பும் ஆயில் போதாமல் பெடல் ஆழமாக இறங்கும். உருண்டை பெரிது என்பதால் தரை இடைவெளி குறையும், அதைச் சரிக்கட்ட இன்னும் பெரிய டயர். பெரிய டயரைச் சுற்ற இன்னும் தாழ்ந்த கியர். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். 40 அங்குல டயரும் பெரிய எஞ்சினும் போட்டுப் பாறையிலேயே வாழப்போகிறவருக்கு இதெல்லாம் நியாயம். வாரம் ஐந்து நாள் வேலைக்குப் போக அதே வண்டியை எடுப்பவருக்கு இது வீண்.

டேனா 44 நடுவழி மாதிரி தோன்றும். எனக்கு அதில் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. கிரவுன் வீலில் அரை அங்குலம் கூடுகிறதே தவிர, டொயோட்டாவில் இருக்கும் ஒரு வசதி அதில் போய்விடுகிறது. டொயோட்டாவில் டிஃபரன்ஷியல் மொத்தமாக ஒரே உருப்படியாகக் கழன்று வரும். மேஜையில் வைத்து கியர் மாற்றலாம். டேனாவில் கூட்டுக்குள்ளேயே ஷிம் வைத்து அளந்து பொருத்த வேண்டும்.

டொயோட்டா ஆக்சிலில் முதலில் உடைவது சக்கரத்தருகே இருக்கும் பிர்ஃபீல்ட் ஜாயின்ட். குரோமோலி எஃகில் செய்த மாற்று ஜாயின்ட் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின், 35 அங்குலம் வரை டயர் என்றால், 1979–85 டொயோட்டா ஆக்சிலையே எடுத்து அந்த ஒரு ஜாயின்டை மாற்றிக்கொள்வதுதான் என் ஓட்டு. பக்கம் பொருந்தும், போல்ட் பொருந்தும், பிரேக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

ஸ்டீயரிங்

வீடியோக்களில் பத்து நிமிஷம் வெல்டிங் காட்டுவார்கள், ஸ்டீயரிங்குக்கு முப்பது விநாடி. உயிர் இருப்பது இதில்தான். 1985 வரையிலான வண்டியில் ஸ்டீயரிங் ராடு முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும். ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்சிலும் முன்பின் நகர்வதால், பள்ளத்தில் விழுந்தால் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். 1986-க்குப் பிந்தைய வண்டியின் ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கவாட்டில் ஆடுவது; அதை வைத்துக்கொண்டு ராடைக் குறுக்காகக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இன்னொன்று, கேஸ்டர் கோணம். வண்டியை உயர்த்தியதால் பினியனை மேலே பார்க்கத் திருப்பினால், கூடவே கேஸ்டர் குறைந்து வண்டி நேரே ஓடாது. ஆக்சில் குழாயின் முனையை அறுத்துத் திருப்பி மறுபடி வெல்ட் செய்வதுதான் இதற்குச் சரியான வழி. அதைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் செய்யக் கூடாது.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2010-இல் வந்த மஹிந்திரா தாரிலும் முன்பக்கம் டார்ஷன் பார்தான் என்பதால், இங்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தனியார் நிலத்திலும் பந்தயத்திலும் ஓடும் வண்டி வேறு, ஆர்.சி. புத்தகத்தோடு ரோட்டில் ஓடும் வண்டி வேறு.

காயலான் கடையில் டொயோட்டா ஆக்சிலைப் பார்க்கப் போகிறவர், சக்கரத்தருகே இருக்கும் உருண்டை மூட்டைக் கையால் தடவிப் பார்க்கட்டும். கிரீஸ் கெட்டியாக இருந்தால் நல்லது. கியர் ஆயில் கலந்து கூழாக வழிந்தால், உள் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம்; பேரிங்கும் சேர்ந்து போயிருக்கலாம். இரண்டு பக்கமும் குழாய் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்க்கட்டும். வளைந்திருந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.