குளத்து நீரும் குறி மாற்றமும்

சிறுபோகம் நெருங்கும் காலத்திற் கிளிநொச்சியில் இருவர் சந்தித்தால், இரணைமடுவில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதே முதற் பேச்சாக இருக்கும். 36 அடி நீர் கொள்ளும் அக்குளத்தின் இருப்பைப் பார்த்தே அவ்வாண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாமென்று தீர்மானிக்கின்றனர். அட்சரகணிதத்திலே சமனிலி என்று பிள்ளைகள் படிப்பது இத்தகைய கணக்கைத்தான்.

மறை எண்ணால் வகுக்கும்போது சமனிலியின் குறி ஏன் திரும்புகிறதென்று பிள்ளை கேட்டால், "அது விதி, பாடமாக்கு" என்பதே பெரும்பாலான வீடுகளிற் கிடைக்கும் விடை. பாடமாக்கிய விதியோ பரீட்சை மண்டபத்தில் முதலிற் கைவிட்டுப் போவது!

கணக்கிற்காகக் குளத்தில் 30 அடி நீர் நிற்பதாகவும், நாளொன்றுக்குக் கால் அடி குறைவதாகவும், 10 அடிக்குக் கீழே இறங்கவிடலாகாதெனவும் கொள்வோம். நாட்களின் தொகை ய ஆயின், 30 − ய/4 ≥ 10. இருபுறமும் 30 ஐக் கழிக்க, −ய/4 ≥ −20. இனி −1/4 ஆல் வகுக்க வேண்டும். குறியைத் திருப்பாது ய ≥ 80 என்றெழுதினால், நூறு நாளும் நீர் பாய்ச்சலாமென்றாகிவிடும். நூறாம் நாளிலோ குளத்தில் எஞ்சுவது 5 அடியே. சரியான விடை ய ≤ 80. தொண்ணூறு நாள் நீர் வேண்டும் நெல்லை இத்தவறான கணக்கை நம்பி விதைத்தவன், கதிர் முற்றும் வேளையிற் பத்து நாட்கள் வானத்தைப் பார்த்து நிற்பான்.

காரணம் எளிது. இரண்டு ரூபா உடையவன் ஐந்து ரூபா உடையவனிலும் வறியவன். இருவர் கைப்பணமும் அவ்வளவு கடனாக மாறிவிட்டால், ஐந்து ரூபாக் கடன்காரனே வறியவனாகிறான். (மறை எண்ணைக் கடனென்றே கொண்டு பிரமகுப்தர் 628 ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தார்.) நேர் எண்ணால் வகுத்தால் எண்கோட்டில் இடைவெளி சுருங்கும் அல்லது விரியும், வரிசை மாறாது. மறை எண்ணால் வகுத்தாற் பூச்சியத்திற் கண்ணாடி வைத்தாற்போல் இடம் வலமாகும்.

கெட்டிக்காரப் பிள்ளைகளும் இடறும் இடம் வேறொன்றுண்டு. ய² > 3ய என்றிருக்க, இருபுறமும் ய ஆல் வகுத்து ய > 3 என்று முடித்துவிடுவார்கள். ய நேரோ மறையோ என்று யார் சொன்னது? −1 ஐ இட்டுப் பாருங்கள்: 1 > −3. அதுவும் பொருந்துகிறது, அதுபோலவே மறை எண்கள் யாவும் பொருந்தும். அவசரமாக வகுத்த பிள்ளை அவ்வளவையும் தாளிலிருந்து துடைத்துவிடுகிறது.