பதிவேட்டில் இருப்பவர் எங்கே?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு லட்சக்கணக்கில் மக்கள் காவடி எடுத்து வருகிறார்கள். எத்தனை பஸ் விடுவது, எத்தனை போலீசாரை நிறுத்துவது என்று சர்க்கார் கணக்குப் போடுகிறது. நல்லது. ஆனால் அந்த மலைப் படிக்கட்டோரம், தன் பெயரும் ஊரும் சொல்லத் தெரியாமல் ஒரு மனநோயாளி ஒதுங்கிக் கிடந்தால் அவர் யாருடைய கணக்கில் வருகிறார்?

இது வெறும் காகித விவகாரம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளிகள் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள் பலியாயின. அதன் பிறகே உச்ச நீதிமன்றம், பதிவு பெற்றதும் பெறாததுமான மனநோய் இல்லங்களை மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எந்த இல்லத்தில் யார் அடைபட்டிருக்கிறார்கள் என்ற சாதாரணக் கணக்குகூட ஆட்சியாளர் கையில் இல்லை என்பது பிணங்கள் விழுந்த பிறகுதான் அம்பலமாயிற்று.

இன்றைய கணக்கு மட்டும் நம்பத் தகுந்ததா? 2011 ஜனத்தொகைக் கணக்கு, மனநோயால் ஊனமுற்றோர் நாடு முழுவதிலும் 7,22,826 பேர் என்றது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வோ, வயது வந்தோரில் 100-க்கு 0.8 பேர் கடுமையான மனநோயால் அவதிப்படுவதாகக் கண்டது. நாட்டின் ஜனத்தொகையில் இதைப் பெருக்கினால் 50 லட்சத்தைத் தாண்டுகிறது. முன்னது ஊனத்தை எண்ணியது, பின்னது நோயை எண்ணியது என்பது உண்மையே. ஆனால் அந்த வேற்றுமையைக் காட்டி மட்டும் இவ்வளவு பெரிய பள்ளத்தை மூடிவிட முடியாது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கிவிட்ட சமுதாயத்தில், வாசலில் வந்து கேட்பவரிடம் எத்தனை குடும்பங்கள் வாய் திறக்கும்?

எல்லைப் பிரதேசத்தின் சங்கடம் இன்னும் ஒரு படி மேல். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. நிலப்படத்தில் கோடு விழுந்தது. மக்களின் பேச்சும் உறவும் கோட்டின் இரு பக்கமும் தொடர்கின்றன. தமிழர் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுகிறார். தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னால் வைக்கிறார். விசைத்தறித் தொழிலாளி ஒருவர் ஒரு மாதம் திருப்பதிக்கும், மறு மாதம் ரயிலேறிக் கீழ்ப்பாக்கத்துக்கும், பிறகு வேலூர் பாகாயத்துக்கும் போனால், ஒரே மனிதர் மூன்று பேராகப் பதிவாகக்கூடும். விளைவு என்ன? ஓரிடத்தில் கொடுத்த மருந்து மற்றோரிடத்துக்குத் தெரியாது. லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைத் தவறாமல் பார்த்து வர வேண்டும்; மிஞ்சினால் அது விஷம். இங்கே பெயரில் விழும் ஒரு பிழை உயிருக்கே உலை வைக்கும்.

வேறொரு பொய்க் கணக்கும் உண்டு. ஒருவர் மாதந்தோறும் வந்து மருந்து வாங்கினால் ஆண்டுக்கு 12 வருகை. வருகையை ஆளாக எண்ணினால், ஒருவர் 12 பேராகி அறிக்கை பெருத்துவிடும். இரண்டே மாதம் வந்து நின்றுபோனவரும் 'சிகிச்சை பெற்றவர்' பட்டியலில் நிலைத்துவிடுவார். கூலியை இழந்து பஸ் ஏற முடியாமல் அவர் நின்றுபோனாரா, மருந்து கிடைக்காமல் நின்றாரா, வீட்டில் கட்டிப் போடப்பட்டாரா என்று கேட்பார் யாரும் இல்லை.

நோயின் பெயரும் சோதனைக்குரியதே. நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் ஸ்கிசோஃப்ரினியா லண்டனைவிட மிக அதிகம் என்று ஏடுகள் காட்டின. 1960-களில் இரு நகர நோயாளிகளையும் ஒரே முறையில் பரிசோதித்தபோது அந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்தது. வேறுபட்டது நோயல்ல, டாக்டர்கள் பெயர் சூட்டிய விதம்!

ஆகவே ஏட்டை நிரப்பினால் போதாது, சரிபார்க்க வேண்டும். பதிவுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, மூலக் குறிப்போடும் மருந்துச் சீட்டோடும் ஒப்பிட வேண்டும். வேறொரு டாக்டர் நோயாளியை மீண்டும் பார்க்க வேண்டும். வராதவரை வீடு தேடிச் சென்று விசாரிக்க வேண்டும். எத்தனைக்கு எத்தனை தவறு என்பதை மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

டாக்டரே போதாத நாட்டில் ஏட்டுக்கு என்ன அவசரம் என்று சிலர் கேட்கலாம். டாக்டர் போதவில்லை என்று நிரூபிக்கவே சரியான ஏடு தேவை! பொய்க் கணக்கை வைத்தே நிதி மறுக்கப்படுகிறது, மருந்து குறைக்கப்படுகிறது. குற்றத்தை ஏடு எழுதும் ஊழியர் தலையில் கட்டுவதையும் நாம் ஏற்கமாட்டோம். கூட்டம் நிரம்பிய வெளிநோயாளர் பிரிவில், ஒப்பந்தக் கூலிக்கு ஒருவரை உட்கார வைத்து, மூவர் வேலையை வாங்கினால் பிழை வராமல் என்ன வரும்?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. தன் மருத்துவக் குறிப்பைப் பார்க்கும் உரிமையையும் அவருக்குத் தருகிறது. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படித்து, தவறு இருந்தால் திருத்தக் கேட்பவரே ஏட்டின் முதல் பரிசோதகர். அந்த உரிமையை ஏழை நோயாளி அறியச் செய்வது தொழிற்சங்கங்களின், மாதர் இயக்கத்தின் கடமை.

சர்க்காரிடம் நாம் கோருவது இதுதான்: நிரந்தர ஊழியரை நியமியுங்கள். எல்லை வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் அறிந்தவரை அமர்த்துங்கள். இரு மாநில ஆஸ்பத்திரிகளும், நோயாளியின் சம்மதத்தோடு, சிகிச்சைக் குறிப்பைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யுங்கள். ஆண்டுதோறும் ஏட்டைச் சோதித்து முடிவை வெளியிடுங்கள். ஆனால் நோயாளியின் பெயர் வெளியே கசியக் கூடாது.

ஏர்வாடியில் மடிந்தவர்களை எண்ணுவதற்குத் தீ தேவைப்பட்டது. உயிரோடு இருப்பவர்களை எண்ண இன்னொரு தீ வரும்வரை காத்திருக்க நாம் தயாராக இல்லை.