ஏட்டுச் சுரைக்காயும் கனடா விசாவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொல்வார்கள். சரி. ஆனால் அதே ஏட்டுச் சுரைக்காயை வாசலில் வைத்துத் தராசில் நிறுத்து, "ஆஹா, நல்ல காய், உள்ளே வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு, சமையலறைக்குள் போனதும் "இது காயே இல்லை" என்று குப்பையில் போட்டால் அதற்கு என்ன பெயர்? கனடா அரசாங்கம் அதற்கு வைத்திருக்கும் பெயர் "திறமைசார் குடிவரவு".

கனடா 1967-லேயே குடியேறுபவர்களுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்த நாடு. எந்த நாடு, என்ன நிறம் என்று பார்க்காமல் படிப்பு, மொழி, வயது, அனுபவம் பார்த்து ஆள் எடுப்போம் என்றது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், மறுக்க முடியாது. 2013 மே மாதம் முதல் இந்த வழியில் விண்ணப்பிப்பவர்கள் வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பீடு செய்து அறிக்கை வாங்க வேண்டும் என்று ஆனது. ஈ.சி.ஏ. என்று சொல்வார்கள். 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தது. அதன்படி தனியாக விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இளங்கலைப் பட்டத்துக்கு 120 புள்ளி, முதுகலைக்கு 135, முனைவர் பட்டத்துக்கு 150.

இந்த அறிக்கை சும்மா வருவதில்லை. மதிப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டணம் தனி. பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்குக் கட்டணம் தனி. கல்லூரிக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் நடக்கிற நடைக்குக் கணக்கே இல்லை. எல்லாம் முடிந்து "உங்கள் பட்டம் கனடாவின் இளங்கலைப் பட்டத்துக்குச் சமம்" என்று ஒரு தாள் வரும். ஐந்து வருடம் செல்லும். அதை வைத்துத்தான் விசா.

இப்போது ஒருவரை கற்பனை செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சிவில் படித்து, பத்து வருடம் பாலம் கட்டியவர். அந்தத் தாளைக் காட்டிப் புள்ளி வாங்கி, வீட்டை விற்று, குடும்பத்தோடு டொராண்டோவில் போய் இறங்குகிறார். வேலை கேட்டுப் போனால், "பட்டம் சமம்தான், ஆனால் இங்கே பொறியாளர் உரிமம் வேண்டுமே" என்பார்கள். உரிமம் தருவது அரசாங்கம் இல்லை, ஒவ்வொரு மாகாணத்திலும் இருக்கும் தொழில் அமைப்பு. அரசாங்கம் கேட்டு வாங்கிய தாள் அந்த அமைப்பைக் கட்டுப்படுத்தாது. குடிவரவுத் துறையே இதை எழுதி வைத்திருக்கிறது: மதிப்பீட்டு அறிக்கை வேலைக்கோ உரிமத்துக்கோ உத்தரவாதம் அல்ல. படித்துக் கையெழுத்துப் போட்டது உங்கள் தப்பு!

ஒன்டாரியோ மாகாணத்தில் 2023 வரை நடந்தது இன்னும் வேடிக்கை. பொறியாளர் உரிமத்துக்கு 48 மாத அனுபவம் வேண்டும். அதில் குறைந்தது 12 மாதம் கனடாவில், அங்கே உரிமம் பெற்ற பொறியாளரின் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டும். உரிமம் இல்லாதவரை நிறுவனங்கள் சுலபத்தில் எடுக்காது. வேலை இல்லாமல் அனுபவம் வராது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று ஊரில் சொல்வார்களே, அதை ஒரு மாகாணமே விதியாக எழுதி வைத்திருந்தது.

இது தெரியாமல் நடந்ததா? இல்லை. ஒன்டாரியோ 2006-லேயே தொழில் அமைப்புகள் நியாயமாக நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, அதைக் கவனிக்க ஆணையர் ஒருவரையும் வைத்தது. 2013-ல் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், "கனடா அனுபவம்" கேட்பதே மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடுதான் என்று கொள்கை வெளியிட்டது. பொறியாளர் அமைப்பு அந்த 12 மாத விதியை எடுத்தது எப்போது? 2023 மே மாதம். அதுவும் 2021-ல் வந்த சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகு. பாகுபாடு என்று ஆணையம் சொன்னதற்கும் விதி போனதற்கும் நடுவே பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் 30 வயதில் போனவர் 40 ஆகிவிட்டார். வயதுக்குப் புள்ளி குறைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, தான் வீணாக்கிய வயதுக்குக் கணக்கு வைக்கத் தெரியவில்லை.

வேலை விளம்பரத்தில் "கனடா அனுபவம் தேவை" என்று போடக் கூடாது என்ற ஒன்டாரியோ விதி 2026 ஜனவரி 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தில் எழுதக் கூடாது, சரி. மனதில் வைத்திருந்தால் யார் பார்ப்பது?

கனடா குடிவரவுத் துறை 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, யார் டாக்சி ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். அவர்களில் பட்டம் பெற்றவர்களின் பங்கு, அங்கேயே பிறந்த ஓட்டுநர்களில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். டாக்சி ஓட்டுவது இழிவான வேலை இல்லை. ஆனால் அதற்கு எதற்கய்யா ஈ.சி.ஏ.? டாக்சி ஓட்ட ஆள் வேண்டும் என்றால் லைசென்ஸைக் கேட்க வேண்டியதுதானே, பட்டத்தை ஏன் கேட்கிறார்கள்?

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போன தமிழர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஊரில் ஆசிரியராக, கணக்காளராக இருந்தவர்கள் அங்கே தொழிற்சாலையிலும் பெட்ரோல் பங்க்கிலும் உணவக அடுப்படியில் கோப்பை கழுவியும்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவர்கள் உயிர் தப்பிப் போனவர்கள், பட்டத்துக்குப் புள்ளி கேட்டுப் போகவில்லை. இன்று போகிறவர்களை அரசாங்கம் பட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட பிறகும் அதே கதி என்றால் இதை எப்படி விபத்து என்று சொல்வது?

மறுபக்கத்து வாதமும் உண்டு. டாக்டர் தவறு செய்தால் உயிர் போகும், பாலம் விழுந்தால் பலர் சாவார்கள், போலிப் பட்டம் எல்லா ஊரிலும் விற்கிறது, ஆகவே சோதிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். நியாயம். சோதிக்கட்டும். பரீட்சை வைக்கட்டும், கடினமாகவே வைக்கட்டும். ஆனால் டாக்டர்கள் விஷயத்தில் பரீட்சை பாஸ் செய்த பிறகும் கதவு திறப்பதில்லையே! கனடாவில் தகுதித் தேர்வு எழுதித் தேறிய வெளிநாட்டு டாக்டர் பெரும்பாலும் மறுபடி ரெசிடென்சி பயிற்சி செய்ய வேண்டும். அந்த இடங்களில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு என்று ஒதுக்குவது கொஞ்சம். கிடைத்தாலும் பல மாகாணங்களில் "சொன்ன ஊரில் இத்தனை வருடம் வேலை பார்ப்பேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு பக்கம் குடும்ப டாக்டர் கிடைக்காமல் லட்சக்கணக்கான கனடா மக்கள் காத்திருக்கிறார்கள். அறிவைச் சோதிப்பது பாதுகாப்பு. தேறியவரையும் வெளியே நிறுத்தி வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜெர்மனி 2012 ஏப்ரலில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசின் கீழ் வரும் தொழில்களில், எந்த நாட்டில் படித்தவராக இருந்தாலும் தன் தகுதியை மதிப்பிடச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. ஆவணங்கள் முழுதாகச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பொதுவாகப் பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன மதிப்பு என்று அனாபின் என்ற தகவல் தளத்தில் காசு கொடுக்காமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஜெர்மனி ஒன்றும் சொர்க்கம் இல்லை, மொழிச் சுவர் பெரிது. ஆனால் கேள்விக்குப் பதில் கிடைக்கும், விமானம் ஏறுவதற்கு முன்பே கிடைக்கும்.

கனடாவுக்கும் இது தெரியாதது அல்ல. 1997 லிஸ்பன் ஒப்பந்தத்தை அது 2018-ல் ஏற்றுக்கொண்டது. அதன் அடிப்படை எளிமையானது: பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று நிரூபிக்காதவரை அடுத்த நாட்டின் தகுதியை ஏற்க வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருடையது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பது உண்மை. அதற்காக நியாயம் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தானா?

கனடாவை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் அது அரை உண்மை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற கதை இந்தியாவிலும் உண்டு. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியருக்கு 2002 முதல் ஸ்கிரீனிங் தேர்வு. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதாவது கனடாவில் மேற்படிப்பு முடித்தவருக்கு இங்கே சிவப்புக் கம்பளம், இங்கே மேற்படிப்பு முடித்தவருக்கு அங்கே டாக்சி சாவி. தன் பட்டத்துக்குத் தானே மதிப்புக் கேட்டு வாங்காத நாட்டின் பட்டத்தை அடுத்தவன் ஏன் மதிப்பான்?

பி.காம். படிப்பவர்கள் "இது டாக்டர், இன்ஜினியர் பிரச்சினை" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்கு நான்கு வருட இளங்கலைதான் அளவுகோல். மூன்று வருட பி.காமில் குறையும் ஒரு வருடத்தை ஈடுகட்ட மூன்று வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். பிரான்சில் 12 வருடப் பள்ளிக்குப் பிறகு மூன்று வருடம்தான் இளங்கலை. இங்கேயும் 12, மூன்றுதான். அதை ஐரோப்பா முழுவதும் பட்டம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். வருடத்தை எண்ணுவதில் என்ன கற்றார் என்பது எங்கே தெரிகிறது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டத்துக்குப் புள்ளி கொடுக்கும் அரசாங்கம், அந்தப் பட்டத்தை வைத்து எந்த வேலைக்கு உரிமம் கிடைக்கும், என்னென்ன பரீட்சை, எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்பதையும் விசாவுக்கு முன்பே எழுத்தில் கொடுக்கட்டும். மறுத்தால் காரணம் சொல்லட்டும். கெடு தாண்டினால் தொழில் அமைப்பு பதில் சொல்லட்டும். இந்தப் பக்கம் பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்கிரிப்டை வாரத்தில் கொடுக்கட்டும், மாதக்கணக்கில் அலையவிட வேண்டாம்.

கணக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று புரியும். ஒரே சரக்கை வாங்கும்போது ஒரு மதிப்பும், காசு கொடுக்கும்போது வேறு மதிப்பும் போட்டு எழுதினால் தணிக்கையில் அதை மோசடி என்பார்கள். நாடுகளுக்கு மட்டும் அதைக் கொள்கை என்று சொல்ல யார் அனுமதி கொடுத்தது?